அண்ணாச்சி எழுதிய முதல் சொல்

நேற்று பேத்தி கைபேசியில் ஒரு வீடியோ காட்டினாள். கலிபோர்னியாவில் ஏ.எல்.எஸ். நோயால் பேச்சு குழறிப்போன கேசி ஹாரெல் என்பவரின் மூளையில் 256 மின்முனைகள் பதித்திருக்கிறார்கள். அவர் பேச முயன்றாலே போதும். கணினி அந்தச் சொற்களைத் திரையில் எழுதி, அவருடைய பழைய குரலிலேயே வாசிக்கிறது. நூற்றுக்கு 97 சொல் சரியாக வருகிறதாம். 2024-இல் வெளியான ஆய்வு. தன் சொல் முதன்முதலாகத் திரையில் வந்தபோது அவர் அழுதிருக்கிறார். எனக்கும் அழுகை வந்தது, காரணம் வேறு.

ராயகிரியில் என்னோடு வேலை பார்த்த தலைமையாசிரியரை அண்ணாச்சி என்றே கூப்பிடுவோம். ஓய்வு பெற்ற மறு வருஷம் மூளைத்தண்டில் அடைப்பு. கை, கால், நாக்கு எதுவும் அசையாது. கண்ணை மேலும் கீழும் உருட்டுவார், இமைப்பார், அவ்வளவுதான். நினைவில்லை என்று சொல்லி ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். நாலு மாதம் நாங்களும் நம்பினோம். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தே அவர் வயலை விற்பது பற்றிப் பேசினோம். பார்க்க வந்தவர்களெல்லாம் காதருகே போய்க் கத்தினார்கள்.

ஒருநாள் மதினி, "நான் எதாவது கேட்டா கண்ண மூடித் தொறக்காக தம்பி" என்றார். அரை மனதோடுதான் ஒன்றாம் வகுப்பு உயிர்மெய் அட்டவணையை எடுத்துப் போனேன். க, ங, ச என்று வரிசைகளை விரலால் தொட்டுக்கொண்டே வருவேன். இமைத்தால் நின்று, அந்த வரிசையில் குறுக்கே போவேன். முதலில் 'க' வந்தது. பிறகு த், தா, த. கால் மணி நேரம் ஆயிற்று.

"கத்தாத."

மதினி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு வயல் பேச்சு ஞாபகம் வந்தது. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பின்னால்தான் படித்தேன். 1988-இல் ஃபார்வெல், டான்சின் இருவரும் செய்த கருவியும் இதே கதைதான். 6க்கு 6 கட்டம். வரிசைகளும் பத்திகளும் மாறி மாறி மின்னும். வேண்டிய எழுத்து உள்ள வரிசை மின்னினால், சுமார் 300 மில்லி விநாடியில் மூளையில் ஓர் அலை எழும். தலைமேல் ஒட்டிய மின்முனை அதைப் பிடித்துக்கொள்ளும். இமைக்கக்கூட வேண்டாம். அவர்களுக்கு 36 கட்டம், நமக்கு உயிர்மெய்யே 216. தமிழுக்குச் செய்கிறவர்கள் இந்த வாத்தியாரைக் கேட்டால், முதலில் மெய்யைக் கேளுங்கள், பிறகு உயிரைக் கேளுங்கள் என்பேன். 18ம் 12ம் 30. புள்ளிக்கும் ஆய்தத்துக்கும் இரண்டு சேர்த்தால் 32 கட்டத்தில் தமிழ் அடங்கிவிடும்.

அண்ணாச்சி அதன்பின் ஏழு வருஷம் இருந்தார். வயலை விற்கவில்லை. அட்டையை மூன்று தடவை மாற்றினோம். பாதியிலேயே சொல்லை ஊகித்து நான் முந்திக்கொண்டால் மட்டும் அவருக்குக் கோபம் வரும். கண்ணை மேலே உருட்டுவார். கடைசிப் புள்ளி வரைக்கும் தானே எழுதி முடிக்காமல் விடமாட்டார்.