கோல் எவர் கையில்?

சென்ற தவணையின் நடுப்பகுதியில் எமது பாடசாலையின் ஆங்கில ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்றார். அவருக்குப் பதிலாக எவரும் வரவில்லை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ள பாடசாலைகளுக்கு இஃது ஒரு புதிய செய்தியன்று. தமிழ் கற்பிக்கும் நாமே பத்தாந் தரத்துக்கு ஆங்கிலப் பாடத்தையும் எடுக்க வேண்டியதாயிற்று. பல்கலைக்கழகத்தில் தொல்காப்பியமும் சங்க இலக்கியமும் பயின்ற எமக்கு ஆங்கிலம் அகராதியின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும் மொழியே. ஆயினும், பிள்ளைகள் வெறுமனே அமர்ந்திருப்பதைக் காட்டிலும் அது மேலென எண்ணினோம்.

பாடத்தில் ஓர் அரசனின் கதை வந்தது. அவன் பேரதிகாரத்தைச் செலுத்தினான் என்னும் பொருள்பட ஒரு வாக்கியம். அதில் 'வீல்ட்' என்றொரு வினைச்சொல். பிள்ளைகள் பொருள் கேட்டனர். கையிலிருந்த கோலாற் கரும்பலகையைச் சுட்டி, "செலுத்துதல்; அதிகாரத்தைச் செலுத்துதல்" என்றோம். முன்வாங்கிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். அவளுடைய தந்தை வாவியில் மீன்பிடிப்பவர்.

"சேர், தோணியையும் செலுத்துறது எண்டுதானே சொல்லுவம்? அரசன் அதிகாரத்தைச் செலுத்துறதும் அதுவும் ஒண்டா?"

வகுப்பு சிரித்தது. எமக்குச் சிரிப்பு வரவில்லை. கேள்வி சரியான கேள்வியென்பது உடனே விளங்கிற்று. விடை நாளை தருவதாகக் கூறி அன்றைய பாடத்தை முடித்தோம்.

அன்றிரவு அச்சொல்லின் வரலாற்றைத் தேடினோம். பழைய ஆங்கிலத்தில் இதன் மூலவடிவத்துக்கு ஆளுதல், அடக்கி வைத்திருத்தல் என்பனவே பொருள். ஆயுதத்தைக் கையாளுதல் என்னும் பொருளும் அதனோடு ஒட்டியே வளர்ந்தது. இன்று நாட்டை ஆளுதல் என்ற நேர்ப்பொருளில் அச்சொல்லை எவரும் வழங்குவதில்லை. வாள், கோடரி, பேனா ஆகிய கருவிகளோடும், அதிகாரம், செல்வாக்கு ஆகிய கருத்துப்பொருள்களோடும் மட்டுமே அது நிற்கிறது. செயப்படுபொருள் இன்றி அச்சொல் நில்லாது. எதையேனும் கையிற் பிடித்திருப்பவனைப் பற்றியே அதனைக் கூறலாம். வெறுமனே பிடித்திருந்தாலும் போதாது. பிடித்ததைப் பயன்படுத்துபவனாக அவன் இருத்தல் வேண்டும். உறையில் வாள் வைத்திருப்பவனை அச்சொல் குறிக்காது. ஓங்கியவனையே குறிக்கும்.

இச்சொல்லின் உறவினர் ஜேர்மன் மொழியிலும் உளர். அங்கே 'கெவால்ட்' என்னும் ஒரே சொல் அதிகாரத்தையும் வன்முறையையும் சேர்த்துச் சுட்டுகிறது. நிருவாகத்தைக் குறிக்கும் சொல்லும் அதே வேரினின்று கிளைத்ததே. அலுவலக மேசையும் அடிதடியும் ஒரே வேரிலிருந்து முளைத்த செய்தியை அம்மொழி மறைக்கவில்லை.

தமிழ் மட்டும் மறைத்ததா? நாட்டை ஆளுகிறோம். கருவியைக் கையாளுகிறோம். பிறர் கூற்றை எடுத்தாளுகிறோம். சொல்லை வழங்கும் முறையைச் சொல்லாட்சி என்கிறோம். ஆங்கிலச் சொல் இழந்துவிட்ட பொருள் உட்பட அனைத்தையும் எமது 'ஆள்' என்னும் சிறு வினை இன்றும் சுமந்து நிற்கிறது. 'ஓச்சுதல்' என்பது அதனினும் நெருக்கமான சொல். செங்கோல் ஓச்சினான் என்றால் ஆண்டான் என்பது கருத்து. ஆனால் ஓச்சுதல் என்பதற்கு அடிப்பதற்காகக் கையையோ கோலையோ உயர்த்துதல் என்பதும் பொருள். வள்ளுவர் 'வெருவந்த செய்யாமை' அதிகாரத்தில் இதே வினையை ஆளுகிறார். ஆக்கம் நெடுங்காலம் நிலைக்க விரும்புபவன் ஓங்கும்போது கடுமையாகத் தோன்றினும் விழும் அடி மென்மையாக இருக்கட்டும் என்பது அவர் அறிவுரை. செங்கோல் உண்மையில் ஒரு கோலே என்பதை அவர் மறந்தாரில்லை. கோலோடு நின்று குடிகளிடம் பொருள் கேட்கும் அரசனை வேலோடு வழிமறிக்கும் கள்வனுக்கு ஒப்பிட்டவரும் அவரே.

இலங்கைத் தமிழரின் பத்திரிகை வழக்கையும் நோக்குவோம். 'அதிகாரப் பிரயோகம்' என்று எழுதுகிறோம். 'சொற்பிரயோகம்' என்றும் எழுதுகிறோம். 'துப்பாக்கிப் பிரயோகம்', 'கண்ணீர்ப்புகைப் பிரயோகம்' என்பனவும் அதே பத்திரிகைகளின் முதற்பக்கங்களில் வருகின்றன. சுட்டான் என்பதிற் சுட்டவன் தெரிகிறான். துப்பாக்கிப் பிரயோகம் மேற்கொள்ளப்பட்டது என்பதிலோ துப்பாக்கி மட்டுமே தெரிகிறது, கை தெரியவில்லை. ஒரு சொல் கையைக் காட்டுகிறதா, மறைக்கிறதா என்பது இலக்கணப் பிரச்சினை மட்டுமன்று.

வாவியின் இரு கரைகளிலும் வளர்ந்த எமது தலைமுறைக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. 2007ஆம் ஆண்டு வரை படுவான்கரையின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலும் எழுவான்கரை அரச படையினரின் கட்டுப்பாட்டிலும் இருந்தன. 'கட்டுப்பாட்டுப் பகுதி' என்பதே அந்நாட் சொல். பாதையேறி ஒரு கரையிலிருந்து மறுகரைக்குச் செல்பவன் ஓர் அதிகாரத்திலிருந்து இன்னோர் அதிகாரத்துக்குச் சென்றான். இரு கரையிலும் கேள்வி கேட்டவரின் கையில் துப்பாக்கி இருந்தது. பதில் சொன்னவரின் கையில் அரிசிப் பையோ அடையாள அட்டையோ இருந்தது. 2014இல் மண்முனையிற் பாலம் திறக்கப்பட்டது. கரைகள் இணைந்தன. கேட்பவன் யார், பதில் சொல்பவன் யார் என்ற வேறுபாடு பாலத்தால் நீங்கிவிடுமா?

மறுநாள் வகுப்பில் இவற்றுட் சிலவற்றை எளிமையாக்கிக் கூறினோம். தென்னிலங்கையில் சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்துக்கு வைத்துள்ள பெயரையும் சொன்னோம். அவர்கள் அதனைக் 'கடுவ' என்பர். வாள் என்பது அதன் பொருள். அதனை வீசத் தெரிந்தவன் முன்னே செல்வான்; தெரியாதவன் வெட்டுப்படுவான். பேராசிரியர் திரு கந்தையா 1984இல் இச்சொல்லையே தலைப்பாகக் கொண்டு ஆங்கிலத்தில் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். சிங்களக் கிராமத்துப் பிள்ளைக்கும் தமிழ்க் கிராமத்துப் பிள்ளைக்கும் இந்த வாளின் முனை ஒரே விதமாகவே தெரிகிறது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. பள்ளிக்கூடத்தின் கதவு திறந்தது. வாளின் கைப்பிடி மட்டும் கொழும்பின் சில வீடுகளிலேயே தங்கிவிட்டது. ஆங்கில ஆசிரியர் இல்லாத வகுப்பில் இருந்தவாறு இதனை நாம் பேசினோம் என்பதை வாசகர் நினைவிற் கொள்க.

வைத்திருத்தல் வேறு, ஓச்சுதல் வேறு என்பதற்கு எமது நாட்டுச் சட்டமே சான்று. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 3ஆம் உறுப்புரை இறைமை மக்களுக்கு உரியது, அது பாராதீனப்படுத்த இயலாதது என்கிறது. 4ஆம் உறுப்புரை அது எவரெவர் மூலம் பிரயோகிக்கப்படும் என்பதைக் கூறுகிறது. உடைமை ஒருவருடையது; பிரயோகம் இன்னொருவருடையது. 1956இல் சிங்களம் மட்டுமே அரசகரும மொழியாயிற்று. 1987இல் 13ஆம் திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியெனப் பிரகடனப்படுத்தப்பட்டது. ஆகவே அவ்வுரிமை எமது கையில் உள்ளது. ஆயினும், தமக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதப்பட்ட முறைப்பாட்டின் கீழ் எமது உறவினரான முதியவர் ஒருவர் அண்மையில் ஓர் அலுவலகத்திற் கையொப்பமிட்டு வந்தார். "என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டோம். "நான் சொன்னதத்தான் எழுதியிருப்பாங்க" என்றார். உரிமை அவருடையது, பேனா அவர்களுடையது.

இதனைக் கேட்டிருந்த பிள்ளைகளிடம் ரொபின்சன் குறூசோவின் கதையையும் சொன்னோம். தனித்தீவில் வாளேந்திய குறூசோ பிறைடேயை அடிமையாக்கியது போன்றே உலகில் ஆளுகை தோன்றியது என வாதிட்டார் டூரிங். 1878இல் நூலாக வெளிவந்த தமது மறுப்பில் ஏங்கெல்ஸ் எளிய கேள்வியொன்றைக் கேட்டார்: குறூசோவுக்கு அந்த வாள் எங்கிருந்து கிடைத்தது? வாள் மரத்திற் காய்ப்பதில்லை. எவரோ இரும்பு தோண்டினர்; எவரோ உருக்கினர்; எவரோ அடித்தனர். ஓச்சுபவனின் கைக்குப் பின்னால் உழைத்தவர்களின் கைகள் இருக்கின்றன.

கூறி முடித்தபோது எமது பார்வை கையிலிருந்த கோலின் மீது சென்றது. அது பூவரசங் கம்பு. அதனை வெட்டிச் சீவிக் கொண்டுவந்தவன் பின்வாங்கில் இருக்கும் ஒரு மாணவன். கொண்டுவரும்படி பணித்தவர்கள் நாம். அதற்கு முந்திய வாரம், முதற்பாடம் முடியும் வேளையில் வந்து வாசலில் நின்ற அதே மாணவனின் உள்ளங்கையில் அதே கோலால் இரண்டு அடி கொடுத்தவர்களும் நாமே.

பாடசாலையில் உடற்றண்டனை கூடாதென்று கல்வியமைச்சு 2005இலும் 2016இலும் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. அதனை நாம் அறியாதவர்கள் அல்லர். அதே வாரத்தில் ஒரு நாள் பாதை பிந்தியதால் நாமும் பிந்தி வந்தோம். வரவுப் பதிவேட்டிற் சிவப்புக் கோடு இட்ட பின்னர்தான் கையொப்பமிட்டோம். எவரும் எம்மை அடிக்கவில்லை, காரணம் கேட்டனர். அந்த மாணவனிடம் நாம் காரணமும் கேட்கவில்லை.

அன்று பாடம் முடிந்த பின் அவனை அழைத்துக் கேட்டோம். சிறிது நேரம் பேசாமல் நின்றான். பின்னர், "வேளாண்மைக்கு யானை வந்திச்சு சேர். விடிய விடியப் பரணில காவல். அப்பாக்கு ஏலாது" என்றான். வயல் அவர்களுடையதன்று. போடியாரின் வயல், தந்தை அங்கே கூலிக்கு நிற்பவர். இரவு முழுதும் பிறர் நெல்லைக் காத்த கையில் காலையில் நாம் அடித்திருக்கிறோம். அதற்கு நாம் வைத்திருந்த சொல் 'கண்டிப்பு'. நல்ல சொல். அடித்தவன் எவனென்று அதிலே தெரியாது.

"நான் செய்தது பிழை, தம்பி" என்றோம். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு அது பெருமையாக இருந்திராது; சங்கடமாகவே இருந்திருக்கும். ஆசிரியர் மன்னிப்புக் கேட்டு அவன் பழகியவனல்லன். எமக்கும் பழக்கமில்லை.

மாணவி கேட்ட கேள்விக்கு விடை எஞ்சி நின்றது. அதனை அவளிடமே விட்டோம். தோணி செலுத்துவதும் அதிகாரம் செலுத்துவதும் ஒன்றா என்று அவளே சிந்தித்துச் சொல்லட்டும் என்றோம். அடுத்த நாள் சொன்னாள்: "ஒண்டில்ல சேர். அப்பா கம்பு ஊண்டுறது தண்ணிக்க, சேத்துக்க. தோணிக்க இருக்கிற ஆக்களுக்கு மேல இல்ல."

பத்தாந் தரத்தினர் அந்த ஆங்கில வாக்கியத்துக்கு இறுதியாக எழுதிய தமிழ், "அரசன் பேரதிகாரத்தை ஓச்சினான்" என்பது. அதன் கீழே தாமாகவே ஒரு கேள்வியையும் சேர்த்திருந்தனர்: எவர்மேல்? பாடநூலில் அக்கேள்வி இல்லை. பரீட்சையிலும் அதற்குப் புள்ளி கிடையாது. எனினும், அதிகாரத்தைப் பற்றி எழுதும் ஒவ்வொரு வாக்கியத்தின் கீழும் அக்கேள்வி இருக்க வேண்டுமென்பதை அவர்கள் எமக்குக் கற்பித்தனர்.

கோல் இன்றும் வகுப்பிலேயே இருக்கிறது. உயரத்திலுள்ள சாளரத்தைத் திறக்க அது உதவுகிறது. காலையில் முதலில் வரும் பிள்ளை அதனை எடுக்கிறது. பிந்தி வருபவரிடம் காரணம் கேட்கிறோம். சில காரணங்கள் பொய்யாகவும் இருக்கின்றன. ஆசிரிய நண்பர்களே, அது வேறு பிரச்சினை. அதற்கு அடி விடையன்று. ஆங்கில ஆசிரியர் இன்னும் வரவில்லை. அதற்குக் காரணம் எவரிடம் கேட்பதென்று பிள்ளைகள் இப்போது எம்மிடம் கேட்கிறார்கள்.