பனிமலைப் பாலையில் குளம்பொலி

பாலை என்றதும் மணற்குன்றும் ஒட்டகமும் சுடுகாற்றுமே பலருக்கும் நினைவில் எழும். குளிரால் ஆன பாலையும் நம் நாட்டில் உண்டு. இந்தியாவின் வடகோடியில் உள்ள லடாக்கே அது. பருவக்காற்று சுமந்துவரும் முகில்களை இமயத்தின் நெடுஞ்சுவர் தடுத்துவிடுவதால், லே நகரம் ஓராண்டில் பெறும் மழை ஏறத்தாழ 100 மில்லிமீட்டரே. லடாக்கின் தென்பகுதியில் சன்ஸ்கார் பள்ளத்தாக்கு அமைந்துள்ளது. அதன் தலைமையூரான பதுமிலிருந்து சிங்கு லா என்னும் கணவாயைக் கடந்து, லாகுல் பகுதியின் தார்ச்சாவை அடையும் பழைய வழியொன்று உண்டு. தலைமுறை தலைமுறையாகக் குதிரைகளின் குளம்பு பட்டுத் தேய்ந்த வழி அது.

அவ்வழியில் குதிரையேறிச் செல்லும் பயணி முதலில் கற்பது, விரைவை மறப்பதே. சன்ஸ்காரிக் குதிரை உருவில் சிறியது. அதன் தோளுயரம் நான்கு அடியை ஒட்டியே இருக்கும். ஏறத்தாழ 5,000 மீட்டர் உயரமுள்ள கணவாயில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் உயிர்வளி, கடற்கரையில் கிடைப்பதில் பாதியைச் சற்றே மிஞ்சும். மனிதர் பத்தடி நடந்து இளைத்து நிற்கும் அவ்விடத்தும் அது சுமையோடு ஏறும். ஏற்றத்தில் முன்சாய்தல், இறக்கத்தில் பின்சாய்தல், செங்குத்துச் சரிவில் இறங்கி நடத்தல் ஆகியன குதிரைக்காரர் கற்பிக்கும் பாடங்கள். அச்சத்தால் கடிவாளத்தை இறுகப் பற்றும் புதியவரிடம், அதைத் தளர்த்திவிடுமாறு அவர் கூறுவார். வழி குதிரைக்குத் தெரியும்.

மரமற்ற மலைகள் காவியும் ஊதாவும் சாம்பலுமாய் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். பனியாறு உருகிப் பாயும் இடங்களில் மட்டும் பார்லியும் பட்டாணியும் பசுமை காட்டும். குறுக்கிடும் ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிட வேண்டும். வெயில் ஏற ஏறப் பனி உருகுவதால், காலையில் முழங்காலளவு ஓடிய நீர் மாலையில் குதிரையின் வயிற்றைத் தொட்டுவிடும். மந்திரம் பொறித்த கற்களை அடுக்கிய நெடுஞ்சுவர்களை, அவை தம் வலப்புறம் இருக்குமாறு மக்கள் கடந்து செல்வர்; வந்தவரும் அவ்வாறே செய்வர். கிளைவழியில், பாறைக் குகையின் வாயில் தேன்கூடு போல் ஒட்டிநிற்கிறது புக்தல் மடாலயம். இங்குத் தங்கித் திபெத்திய மொழி பயின்றவர் ஹங்கேரிய அறிஞர் சோமா டி கோரோஸ். அவரது திபெத்திய ஆங்கில அகராதி 1834ஆம் ஆண்டு கல்கத்தாவில் வெளிவந்தது. மொழியின்மேல் கொண்ட வேட்கை மனிதரை எத்துணைத் தொலைவு நடத்திவிடுகிறது!

கணவாயின் உச்சியில் ஐந்நிறக் கொடிகள் காற்றில் படபடக்கின்றன. கடவுளர்க்கே வெற்றி என்று குரலெழுப்பிக் குதிரைக்காரர் மறுபுறம் இறங்குகிறார்.

இன்று அவ்வழியில் வேறோர் ஒலியும் கேட்கிறது. நிம்மு, பதும், தார்ச்சா ஆகிய ஊர்களை இணைக்கும் சாலை 2024ஆம் ஆண்டு இணைப்புப் பெற்றது. கணவாய்ப் பகுதியில் சுரங்கப்பாதைப் பணியும் அவ்வாண்டே தொடங்கிற்று. பல நாள் பயணம் சில மணி நேரமாகச் சுருங்குகிறது. பனி வழியடைத்த காலத்தில் உறைந்த ஆற்றின்மேல் நடந்தே வெளியுலகை அடைந்த மக்களுக்கு, சாலை என்பது மருத்துவமும் கல்வியும் ஆகும். எனினும், சாலை வந்தபின் குதிரைக்கு வேலை குறைகிறது. வேலையற்ற விலங்கை நெடிய குளிர்காலம் முழுவதும் தீனியிட்டுக் காப்பது எளிய குடும்பத்திற்கு இயல்வதன்று. ஒரு குதிரையை விற்கும்போது, வழியறிந்த ஓர் அறிவும் அதனுடன் வீட்டைவிட்டு நீங்குகிறது.

மாலையில் கூடாரமிட்டபின், குதிரைக்காரர் சேணத்தைக் கழற்றுகிறார்; அது அழுத்திய இடத்தில் புண் உள்ளதா எனக் கையால் தடவிப் பார்க்கிறார். தம் மகள் அச்சாலை வழியே சென்று லே நகரில் படிப்பதைப் பெருமையுடன் கூறுகிறார். அவர் சாலையை வெறுக்கவில்லை. குதிரையை விற்கவும் மனம் வரவில்லை. குதிரைக்குத் தீனியிட்ட பிறகே தம் உணவை எடுக்கிறார்.