அந்தச் சில மணி நேர அமைதி

மனசு கொஞ்சம் அமைதியாக இருந்தால் போதும் என்று நினைக்காதவர் யார்? ஒருவர் கோயில் பிராகாரத்தில் போய் உட்காருவார். இன்னொருவர் செல்போனை அணைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போவார். கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பலருக்கு அது பிளாஸ்டிக் பாக்கெட்டில் கிடைத்தது. நாளெல்லாம் மூட்டை தூக்கிவிட்டோ, பெயின்ட் அடித்துவிட்டோ திரும்புகிறவருக்கு உடம்பெல்லாம் வலி. 2024-இல் டாஸ்மாக்கில் ஒரு குவார்ட்டர் குறைந்தது 140 ரூபாயாக இருந்தது. பாக்கெட் சாராயம் அதில் பாதி விலைகூட இல்லை. வலி தெரியாது, தூக்கம் வரும், கடன் கொடுத்தவர் முகம் ஒரு ராத்திரிக்கு மறந்துபோகும்.

2024 ஜூன் 18 அன்று அந்த பாக்கெட்டில் மெத்தனால் இருந்தது. 65-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பெண்களும் உண்டு. கோமுகி ஆற்றங்கரையில் ஒரே நாளில் வரிசையாகச் சிதைகள் எரிந்த காட்சியை டிவியில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

மெத்தனாலின் சூழ்ச்சியே அதன் பொறுமைதான். குடித்ததும் எதுவும் நடக்காது. வழக்கமான போதை, வழக்கமான தூக்கம். உள்ளே கல்லீரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்துத்தான் வயிற்று வலி, வாந்தி, மூச்சுத் திணறல், கண் மங்கல் என்று ஆரம்பிக்கும். அந்த இடைவெளியில் மனிதர் நன்றாகத்தான் இருப்பார். ‘தூங்கி எழுந்தா சரியாயிடும்’ என்ற, நம் வீடுகளில் எல்லா நோய்க்கும் சொல்கிற அந்த வார்த்தை ஆளைக் கொல்வது இங்கேதான்.

ஊரிலும் அப்படியொரு இடைவெளி இருந்தது. முதல் சாவுகளுக்குக் கள்ளச்சாராயம் காரணமில்லை என்று மாவட்ட நிர்வாகத் தரப்பில் முதலில் சொல்லப்பட்டது. துக்கத்துக்கு வந்தவர்களில் சிலரும் அதே சாராயத்தைக் குடித்ததாக அன்றைய செய்திகள் கூறின. பதற வேண்டிய நேரத்தில் ஊரை நிம்மதியாக இருக்கச் சொன்ன வார்த்தை அது. அதற்காக நிர்வாகத்தை மட்டும் திட்டிவிட்டு நகர்வது சுலபம். நெஞ்சு வலியை ‘கேஸ்’ என்று சொல்லிச் சோடா வாங்கிக் குடிக்கிற வீடுகளிலும் நடப்பது இதுதானே?

மெத்தனாலுக்கு மருத்துவம் இல்லாமல் இல்லை. அது அமிலமாக மாறுவதைத் தடுக்க ஃபோமெபிசோல் என்ற மருந்து இருக்கிறது. ரத்தத்தில் சேர்ந்த நஞ்சை டயாலிசிஸ் செய்து வெளியேற்றலாம். ஆனால், நேரம் வேண்டும். கூடக் குடித்தவர் விழுந்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும், ‘எனக்கு ஒண்ணும் பண்ணலையே’ என்று சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போகிறவருக்குத்தான் அந்த நேரம் கிடைக்கும். தாமதித்தால், உயிர் பிழைத்தாலும் கண் போகலாம். கருணாபுரத்திலிருந்து கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி என்று நான்கு ஊர் மருத்துவமனைகளுக்கு ஆம்புலன்ஸ்கள் ஓடின.

‘குடிக்காமல் இருந்திருக்கலாமே’ என்பவர்களுக்கு ஒன்று. அறிவுரைக்கு இந்த மண்ணில் பஞ்சமே இல்லை. திருக்குறளில் ‘கள்ளுண்ணாமை’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. ஓராண்டுக்கு முன்புதான், 2023 மே மாதம், மரக்காணம் பக்கத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே மெத்தனால் இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றிருந்தது. அதுவும் தெரியாத செய்தி இல்லை. வலிக்கிற தோளுக்கு வேறு என்ன வழி இருந்தது என்று யாராவது கேட்டிருந்தால், பேச்சு வேறு மாதிரி போயிருக்கும்.

பிறகு நடந்தவை எல்லோருக்கும் தெரியும். நீதிபதி பி.கோகுல்தாஸ் ஆணையம், கடுமையாக்கப்பட்ட மதுவிலக்குச் சட்டம், நவம்பரில் சிபிஐ விசாரணைக்கு உயர் நீதிமன்ற உத்தரவு. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய்.

பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது முடியும்வரை மாதம் 5,000 ரூபாய், பெயரில் 5 லட்சம் வைப்புத்தொகை என்று அரசு அறிவித்தது. அன்று ஆறு வயதாக இருந்த ஒரு குழந்தைக்கு 18 நிறையும்போது வருடம் 2036 ஆகியிருக்கும். அதுவரை ராத்திரியில் அந்தக் குழந்தையைத் தூங்க வைப்பது பாட்டியோ, அத்தையோ, பக்கத்து வீட்டு அக்காவோதான்.