லண்டனில் ஒரு விறகுக் கொட்டில்

வீட்டுக்குப் பின்னால் விறகுக் கொட்டில் வைத்திருக்கிறேன் என்று சொன்னால் லண்டனில் இருக்கிற எங்கட ஆக்கள் முதலில் சிரிப்பினம். பிறகு கேட்பினம், "ஏன், உங்கட வீட்டிலை காஸ் இல்லையோ?" நான் வேலை செய்கிற ரெஸ்ரோரன்ற் குசினியில் இரண்டு வருசமாக இந்தப் பகிடி ஓடுகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் இங்கே ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

தெற்கு லண்டனில் மிச்சம் என்றொரு இடம். (பெயரைக் கேட்டு ஊரில் அம்மா இப்பவும் சிரிக்கிறவா.) அங்கே 2021இல் நானும் மச்சானும் சேர்ந்து கடனில் ஒரு பழைய வீடு வாங்கினோம். முன்பு இருந்த வெள்ளைக்காரக் கிழவர் ஹோலில் ஒரு இரும்பு விறகடுப்பை விட்டுவிட்டுப் போயிருந்தார். மனைவி அதற்கு மேல் பூச்சாடி வைத்தா. அடுத்த வருசம் ரஷ்யா உக்ரெயினுக்குள் போனது. காஸ், கரண்ட் இரண்டுக்கும் சேர்த்து ஒரு சாதாரண வீட்டுக்கு வருசம் 1277 பவுண்ஸ் என்று 2021 ஐப்பசியில் இருந்த உச்சவரம்பு, 2022 ஐப்பசியில் அரசாங்கம் பொறுப்பெடுத்துக் கட்டுப்படுத்திய பிறகும் 2500 பவுண்ஸில் வந்து நின்றது. அதே வருசம்தான் இலங்கையிலும் காஸ் சிலிண்டருக்கு வரிசை. "காஸ் இல்லையடா, திரும்பவும் விறகுதான்" என்று அம்மா ரெலிபோனில் சொன்னா. பூச்சாடியை இறக்கி வைத்துவிட்டு நானும் அடுப்பைப் பார்க்கத் தொடங்கினேன்.

லண்டனில் நினைத்தபடி விறகு எரிக்க முடியாது. அதற்கு ஒரு கதை இருக்கிறது. 1952 மார்கழி 5ஆம் திகதி தொடங்கி ஐந்து நாள், நிலக்கரிப் புகையும் பனிமூட்டமும் சேர்ந்து இந்த நகரத்தை மூடியது. 4000 பேர் செத்தார்கள் என்று முதலில் சொன்னார்கள். பிறகு வந்த ஆய்வுகள் 12,000 வரை போயிருக்கலாம் என்கின்றன. அதன் பிறகு வந்ததுதான் 1956ஆம் ஆண்டின் சுத்தமான காற்றுச் சட்டம். இன்றைக்கும் லண்டனின் பெரும்பகுதி புகைக் கட்டுப்பாட்டு வலயம்தான். அங்கீகரித்த அடுப்பில் மட்டும்தான் விறகு எரிக்கலாம். புகைபோக்கியால் புகை தள்ளினால் கவுன்சில் 300 பவுண்ஸ் வரை தண்டம் அடிக்கலாம். எங்கள் அடுப்பின் பெயர் அரசாங்கப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, புகைபோக்கி துப்புரவாக்குகிற ஆளையும் கூப்பிட்டுக் காட்டின பிறகுதான் விறகைப் பற்றி யோசித்தேன்.

2021 மே முதலாம் திகதியிலிருந்து இங்கிலாந்தில் இரண்டு கன மீற்றருக்குக் குறைவாக விற்கிற விறகில் ஈரம் 20 வீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. பெற்றோல் ஸ்ரேசனில் வலைப்பையில் விற்பது அதுதான். விலையைப் பார்த்தால் காஸே பரவாயில்லை. எங்கள் கடைக்கு வெள்ளிக்கிழமைகளில் கொத்துரொட்டி வாங்க வருகிற ஒருவர் மரம் வெட்டுகிற வேலை செய்கிறார். ஆஷ் மரங்களுக்கு ஒரு பூஞ்சண நோய் வந்து, 2012இல் இந்த நாட்டில் கண்டுபிடித்த நாளிலிருந்து வெட்டி வெட்டித் தள்ளுகிறார்கள். "வந்து ஏத்திக்கொண்டு போ" என்றார். மச்சானின் வானில் மூன்று நடை.

பச்சை விறகில் ஏறக்குறைய பாதிப்பாரம் தண்ணீராகவே இருக்கலாம். ஆஷில் கொஞ்சம் குறைவு. அதை அப்படியே அடுப்பில் வைத்தால் வருகிற சூட்டில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். குசினி ஆளுக்கு இது விளங்கும்: வெறும் பானையில் தண்ணீரைக் கொதிக்க விட்டு யன்னலால் ஆவியை விடுகிற வேலை. மிச்சம் புகையாகப் போய்ப் புகைபோக்கிக்குள் தார் மாதிரி ஒட்டும். ஒருநாள் அந்தத் தார் பற்றி எரிந்தால் வீடு போய்விடும்.

ஆகவே கொட்டில். 2023 சித்திரையில் இரண்டு திங்கட்கிழமை, கடை பூட்டுகிற நாளில், நானும் மச்சானும் கட்டினோம். நீளம் 8 அடி, ஆழம் 3 அடி, முன்பக்கம் ஆறரை அடி, பின்பக்கம் ஐந்தரை. மழைத்தண்ணீர் பின்னால் வடியும். எல்லை வேலியிலிருந்து இரண்டு மீற்றருக்குள் கட்டினால் உயரம் இரண்டரை மீற்றருக்குள் இருக்கவேண்டும், அப்படியென்றால் சாதாரண வீட்டுக்குக் கவுன்சில் அனுமதி தேவையில்லை. (பிளாட்டில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது.) நிலத்துக்குக் கல் வைத்து, அதற்குமேல் சாமான் இறக்குகிற மரப் பலெட். பலெட்டில் "எச்.ரி" என்று சூடு அடித்த முத்திரை இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். சூடுகாட்டிப் பதப்படுத்தியது என்று அர்த்தம். "எம்.பி" என்றால் நஞ்சுப்புகை போட்டது, தொடாதீர்கள். பக்கங்களுக்கு இரண்டு விரல் இடைவெளி விட்டுச் சலாகை அடித்தோம். முன்பக்கம் திறந்தபடி. கூரைக்குத் தகரம்.

"கதவில்லையோ? மழை அடிக்காதோ?" என்று மனைவி கேட்டா. விறகைக் காயவைப்பது வெயிலை விடக் காற்றுத்தான். மழை பக்கத்தால் கொஞ்சம் அடித்தாலும் மேல்தோல்தான் நனையும், காற்று அதை இரண்டு நாளில் எடுத்துவிடும். நாலு பக்கமும் பூட்டிவைத்தால்தான் பூஞ்சணம் பிடிக்கும். லண்டனில் காற்று அதிகமாகத் தென்மேற்கிலிருந்து வரும், திறந்த பக்கத்தை அந்தப் பக்கம் பார்க்க வைத்தோம். வீட்டுச் சுவரோடு சேர்த்துக் கட்டவில்லை, நெருப்புக்கும் எலிக்கும் பயந்து. கட்டைகளை ஒரு முழத்துக்கும் குறைவாக அறுத்து, கோடாலியால் பிளந்து அடுக்கினோம். ஈரம் அறுத்த முகத்தாலும் பிளந்த முகத்தாலும்தான் வெளியேறும், பட்டை விடாது.

ஒரு கட்டையில் சிவப்புப் பெயின்ற் பூசி, கடைத் தராசில் நிறுத்தேன். 2 கிலோ 100 கிராம். அடுத்த வருசம் ஐப்பசியில் அதே கட்டை 1 கிலோ 650. கிட்டத்தட்ட அரை லீற்றர் தண்ணீர் சும்மா காற்றோடு போயிருக்கிறது! பிளந்து உள்முகத்தில் மீற்றரைக் குத்திப் பார்த்தால் 17 வீதம்.

இனிச் சொல்ல வந்த விசயம்.

எங்கள் வளவிலும் கொட்டில் இருந்தது. நாலு கப்பு, கிடுகுக் கூரை. பனையிலிருந்து காவோலை, மட்டை, பன்னாடை, ஊமல். தென்னையிலிருந்து பாளை, பொச்சு, சிரட்டை. ஆடி ஆவணி வெயிலில் காயவைத்து, ஐப்பசி மழைக்கு முதல் உள்ளே ஏற்றிவிடவேண்டும். 1990இல் பொருளாதாரத் தடை வந்து மண்ணெண்ணெய் அருமையானபோது அந்தக் கொட்டில்தான் எங்களைக் காப்பாற்றியது. 1995 ஐப்பசி 30ஆம் திகதி வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது எனக்கு 14 வயது. அப்பா கொத்தி அடுக்கின விறகு அப்படியே கொட்டிலுக்குள் இருந்தது. கொடிகாமத்தில் பள்ளிக்கூட விறாந்தை ஒன்றில் மாரி மழைக்குள் மூன்று கல் வைத்து, ஈர விறகை ஊதி ஊதி அம்மா கஞ்சி காய்ச்சினா. கண் இரண்டும் கொவ்வைப்பழம். அடுத்த வருசம் திரும்பிப் போனபோது கொட்டிலும் இல்லை, விறகும் இல்லை.

2006 ஆவணியில் ஏ-9 பாதை பூட்டுப்பட்டபோது நான் யாழ் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருசம். படிப்பு அதோடு சரி. லண்டனுக்கு வந்து வழக்கு, மேன்முறையீடு, மாதாமாதம் கையெழுத்து. ஒன்பது அறை மாறினேன். எல்லாவற்றையும் ஒரு சூட்கேசுக்குள் அடக்கக்கூடிய மாதிரித்தான் வாங்குவேன். ஒரு கோப்பை வாங்கினாலும் இதை எங்கே வைத்துவிட்டுப் போவது என்றுதான் யோசிப்பேன். விசா கிடைத்து எத்தனையோ வருசத்துக்குப் பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

விறகு அப்படி இல்லை. பச்சையாக வாங்கினால் ஒரு வருசம், ஓக் என்றால் இரண்டு வருசம், ஒரே இடத்தில் இருக்கவேண்டும். அதை அடுக்குகிறவனும் இருக்கவேண்டும். காசு மிச்சமோ என்றால் கொஞ்சம் மிச்சம். ஆனால் அடுத்த மாரிக்கும் இங்கேதான் இருப்பேன் என்று நம்பி, இந்த நாட்டில் நான் கையால் செய்த முதல் வேலை இந்தக் கொட்டில்தான்.

இதை வாசித்துவிட்டு எல்லோரும் விறகடுப்புக்கு மாறுங்கள் என்று நான் சொல்லவில்லை. "விறகடுப்புச் சமையல்" என்று இப்போது சாப்பாட்டுக் கடைகள் போர்ட் போடுகின்றன. அந்த ருசிக்கு எங்கள் அம்மாமார் நெஞ்சைக் கொடுத்தவர்கள். வீட்டுக்குள் அடுப்புப் புகையால் 2020இல் மட்டும் உலகத்தில் 32 இலட்சம் பேர் செத்திருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. என் அம்மாவின் இருமல் இன்னும் நிற்கவில்லை. காய்ந்த விறகு என்றாலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள் வரத்தான் செய்யும்.

பக்கத்து வீட்டுப் பெடியனுக்குத் தொய்வு. அடுப்பைப் பற்றவைக்க முதல் அவன் தாயிடம் போய்க் கதைத்தேன். "மணம் வந்தால் கதவைத் தட்டு" என்றேன். காற்றில்லாத, பனிமூட்டமான இரவுகளில் எரிப்பதில்லை என்று ஒப்பந்தம். உறைகுளிர் நாட்களில் பின்னேரம் மட்டும்தான் பற்றவைக்கிறோம். அவ இதுவரை ஒருதரம் தட்டினவ. அன்றைக்கு மணத்தது மனைவி பொரித்த மிளகாய்.

கொட்டில் போட யோசிக்கிறவர்கள் கேளுங்கள், அளவு எழுதி அனுப்புகிறேன். மாசியில் அந்த மரம் வெட்டுகிறவர் இன்னுமொரு வான் ஓக் தந்தார். இடதுபக்கம் அடுக்கியாயிற்று. இரண்டு வருசத்துக்கு அதைத் தொட ஏலாது.