கிரீஸுக்கு வெளியே இரண்டு அடி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்து அணியோடு எங்கள் காலனிப் பிள்ளைகளுக்கு மேட்ச். பன்னிரண்டு ஓவர், கார்க் பால். மதியத்துக்கு மேல் கடற்காற்று ஏறியது. வெளியே போவது போல வந்த பந்தெல்லாம் உள்ளே திரும்பியது. 31 ரன்னுக்கு ஆல் அவுட். செங்கல்பட்டு பஸ்ஸில் திரும்பும்போது ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் சொன்னான்: "நமக்கு பேட்டிங் வராதுண்ணா. நாம பந்து போடத்தான் லாயக்கு."

அன்று பஸ்ஸில் நாங்கள் யாரும் அவனுக்குப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறோம்.

முதலில் ஆட்டத்தைப் பேசுவோம். ஸ்விங் பந்தை எதிர்கொள்ள எங்கே நிற்பது? எங்கள் பிள்ளைகள் எல்லோரும் கிரீஸுக்குள் ஆழமாக நின்றார்கள். பந்தைப் பார்க்கக் கொஞ்சம் நேரம் கிடைக்கும் என்று நினைத்தார்கள். வேகத்துக்கு அது சரி, ஸ்விங்குக்கு அல்ல. பந்தைப் பக்கவாட்டில் தள்ளும் விசை வழி நெடுக ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கும். ஆனால் விலகல் போகப் போகப் பெருகும். மொத்தம் 60 செ.மீ. விலகும் பந்து, பாதி தூரத்தில் 15 செ.மீ. மட்டுமே விலகியிருக்கும். மீதி 45 செ.மீ. இரண்டாவது பாதியில். கடைசி நேரத்தில் திடீரென்று திரும்புவது போலத் தெரிவது இதனால்தான்.

அதனால் கிரீஸுக்கு இரண்டு அடி முன்னால் நின்றால், அந்தப் பந்தின் விலகலில் ஏறக்குறைய 4 செ.மீ. குறையும். இவ்வளவுதானா என்று கேட்காதீர்கள். பேட்டின் அகலமே 10.8 செ.மீ.தான். நடுவில் படுவதற்கும் விளிம்பில் பட்டு கீப்பர் கைக்குப் போவதற்கும் நடுவே இருப்பது 5 செ.மீ. இன்னொரு லாபமும் உண்டு. காலில் பட்டால் பந்து ஸ்டம்புக்குப் போக இன்னும் இரண்டு அடி பாக்கி. எல்பிடபிள்யூ கொடுக்க அம்பயர் யோசிப்பார்.

இதற்கு விலையும் உண்டு. 120 கி.மீ. வேகத்தில் வரும் பந்துக்கு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் குறைகிறது. ஷார்ட் பால் போட்டால் திணற வேண்டியிருக்கும். கீப்பர் ஸ்டம்புக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டால் ஸ்டம்பிங் பயத்தில் திரும்ப உள்ளே போக வேண்டும். முன்னால் நின்றால் மட்டும் போதாது. நம் ஆஃப் ஸ்டம்ப் எங்கே இருக்கிறது என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு வெளியே போவதை விட்டுவிடும் தைரியம் வேண்டும். 2014இல் நம் சென்னைக்காரர் முரளி விஜய் இங்கிலாந்தில் 402 ரன் எடுத்தது, அடித்த பந்துகளால் மட்டும் அல்ல, விட்ட பந்துகளாலும்தான்.

அதே தொடரில் விராட் கோலி 10 இன்னிங்ஸில் 134 ரன்தான் எடுத்தார். ஆண்டர்சன் அவரை நான்கு முறை வீழ்த்தினார். 2018இல் கோலி கிரீஸுக்கு வெளியே நின்று ஆடினார். 593 ரன். ஆண்டர்சனால் ஒரு முறைகூட அவரை அவுட்டாக்க முடியவில்லை. நின்ற இடம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டோம். நடுவில் நான்கு வருடம் இருந்தது. வலைப்பயிற்சி, பயிற்சியாளர்கள், தோற்ற பிறகும் கிடைத்த மறு வாய்ப்பு, எல்லாம் இருந்தது.

பஸ்ஸில் பேசிய பையனுக்கு நாங்கள் சொல்ல வேண்டியது இங்கேதான் இருக்கிறது.

எங்களுக்கும் இதே வயதில் 'பேட்டிங் வராது'. ஊர்த் தெரு அணியில் பந்து போடக் கூப்பிடுவார்கள், வெயிலில் ஃபீல்டிங் நிறுத்துவார்கள். முள்ளுக்குள் போன பந்தை எடுக்க நாங்கள். பேட் எங்கள் கைக்கு வருவது ஒன்பதாவதாக, பத்தாவதாக. சில நாள் வராமலே பொழுது சாய்ந்துவிடும். நாங்களும் அதைத் திறமை விஷயம் என்றே நம்பினோம். கல்லூரியில் சமூகவியல் படித்த பிறகுதான், அந்த வரிசையை யார் போட்டது என்று கேட்கத் தோன்றியது.

பல்வங்கர் பாலு கதையை அப்போதுதான் படித்தோம். சமார் சாதியில் பிறந்தவர். புனேயில் வெள்ளையர்களின் கிளப்பில் மைதானப் பணியாளராக இருந்து, அதிகாரிகளுக்கு மணிக்கணக்கில் பந்து போட்டார். ஒரு முறைகூட அவர் கையில் பேட்டைக் கொடுக்கவில்லை என்று வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா எழுதியிருக்கிறார். இந்துக்கள் அணிக்கு விக்கெட் எடுத்துக் கொடுத்தவருக்கு, பெவிலியனுக்கு வெளியே மண் குவளையில் தேநீர். 1911இல் இங்கிலாந்து போன இந்திய அணியில் 100 விக்கெட்டுகளுக்கு மேல் எடுத்தார். ஆனாலும் இந்துக்கள் அணியின் முழுநேரக் கேப்டன் பதவி அவருக்கு வரவில்லை. 1923இல் அவருடைய தம்பி விட்டல் அந்த அணிக்குக் கேப்டன் ஆனார்.

பந்து போடுவதை வேலையாகவும் பேட்டிங்கை உரிமையாகவும் பிரித்து வைத்தார்கள். ஸ்விங்கை ஆடக் கற்றுக்கொள்ள நூறு முறை அவுட் ஆக வேண்டும். நூறு முறை அவுட் ஆக, நூறு முறை பேட் கைக்கு வர வேண்டும். அந்தக் குப்பத்துப் பிள்ளைகள் தினமும் அந்தக் காற்றில் ஆடுகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு அன்றுதான் முதல் நாள். வித்தியாசம் அவ்வளவுதான்.

முறை வேண்டுமென்றால் இடமும் வேண்டும். நாங்கள் ஆடி வளர்ந்த புறம்போக்கில் இன்று பிளாட் கற்கள். தண்ணீர் வற்றிய மாதங்களில் ஏரிதான் எங்கள் மைதானம். நிற்க இடம் கேட்பது இந்த மாவட்டத்துக்குப் புதிதில்லை. செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமன்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கைக்குப் பிறகு, 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. நூறு வருடம் கழித்து, மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் காரணையில் அந்த நிலத்தைத் திரும்பக் கேட்டார்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். விளையாட்டைப் பேசும்போது இது எதற்கு என்று கேட்கும் தோழர்களுக்கு: காலடியில் மண் இல்லாதவனுக்கு ஸ்டான்ஸ் சொல்லிக் கொடுக்க முடியாது.

இப்போது ஏரியில் ஒரே ஒரு விதி வைத்திருக்கிறோம். பந்து போடுகிற எல்லோருக்கும் பேட்டிங், ஆளுக்கு 12 பந்து. அவுட் ஆனாலும் 12 முடியும்வரை நிற்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கும் அதே 12. கிரீஸுக்கு இரண்டு அடி முன்னால் சுண்ணாம்பில் இன்னொரு கோடு போட்டிருக்கிறோம்.

போன வாரம் அந்தப் பையன் அந்தக் கோட்டில் நின்றான். இரண்டு முறை போல்டு. பேட்டைக் கீழே போடப் பார்த்தான். "இன்னும் ஏழு பந்து இருக்கு, நில்லுடா" என்றோம். நின்றான். அடுத்து வந்த மூன்றை ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே விட்டான். நான்காவதை முன்னால் போய்த் தட்டினான். பந்து நேராகப் பந்து போட்டவன் கைக்கே போனது. ரன் இல்லை.

அடுத்த மாதம் அதே குப்பத்தில் மறு மேட்ச் கேட்டிருக்கிறோம். மதியத்துக்கு மேல்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டோம். இந்த முறை அவன் முதல் ஆளாக இறங்குகிறான்.

ஜெய்பீம்.