இருபது குச்சிகள்

வீடு மாற்றிய அன்று என் எழுத்து மேஜையின் பக்கப் பலகை பெயர்ந்து விழுந்தது. ஆன்லைனில் வாங்கியது. பலகை பலகையாகப் பெட்டியில் வந்ததை நானே பூட்டி, வீட்டில் ஒருவாரம் பெருமையடித்திருந்தேன். பெயர்ந்த இடம் உடைந்த ரஸ்க் போல உதிர்ந்தது. "குப்பையில போடுறதுக்கு முன்னாடி ஒரு ஆசாரி இருக்கார், காட்டிப் பாரு" என்றான் நண்பன். அப்படித்தான் மதுரை பழங்காநத்தம் பக்கம் அந்தத் தகரக் கொட்டகைக்குப் போனேன்.

ஆசாரிக்கு ஐம்பது வயதிருக்கும். துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"மரம்னா நரம்பு ஓடும் சார், திருகாணியைக் கவ்விக்கும். இது தூளும் பசையும். இதுக்கு ஏது நரம்பு? கூட மரக்குச்சி வந்திருக்குமே, எங்கே?"

வந்தது. எட்டு எம்.எம். தடிமனில் இருபது குச்சிகள். ஏதோ உபரி என்று நினைத்து மகளிடம் விளையாடக் கொடுத்துவிட்டேன். சொன்னதும் பக்கத்தில் நின்ற பையன் சிரித்துவிட்டான். அவர் சிரிக்கவில்லை. "மினிஃபிக்ஸ் ரெண்டு பலகையையும் இழுத்துதான் பிடிக்கும். பாரத்தைத் தாங்குறது டவல்" என்றார். டவல் என்பதுதான் அந்தக் குச்சி. மினிஃபிக்ஸ், பலகைகளை இழுத்துப் பூட்டும் திருகாணிப் பூட்டு.

ஆசாரியின் அப்பா தேக்கு வேலைக்காரராம். கழுந்து செதுக்கி, துளையில் இறக்கி, ஆணியே இல்லாமல் நிலை செய்தவர். இவரும் பதினான்கு வயதில் உளி பிடித்தவர்தான். பிளைவுட்டும் பார்ட்டிகிள் போர்டும் வந்தபின், கற்றதில் பாதியை மறக்க வேண்டியிருந்தது என்கிறார். "தேக்குல துளை தப்பினா ஆப்பு வெச்சுச் சமாளிக்கலாம். இது ஒரே வாய்ப்பு."

அந்த ஒரே வாய்ப்புக்காக அவர் வைத்திருக்கும் கருவி, தீப்பெட்டி அளவு தேக்குக் கட்டை. அப்பா செய்த பழைய நிலையில் அறுத்த துண்டு. நடுவே ஒரு துளை, ஓரத்தில் ஒரு உதடு. பதினெட்டு எம்.எம். பலகையின் விளிம்பில் உதட்டைப் பொருத்தினால் துளை சரியாக 9இல் நிற்கும். எட்டு எம்.எம். போனால் இருபுறமும் 5 எம்.எம்.தான் மிச்சம். கொஞ்சம் சாய்ந்தால் பலகை பிளந்து மைக்கா உப்பும். டிரில் பிட்டில் சிவப்பு இன்சுலேஷன் டேப்பைக் கொடி மாதிரி சுற்றியிருந்தார். கொடி பலகையைத் தொட்டுத் தூளைத் துடைத்ததும் நிறுத்தினார். தூளை ஊதிவிட்டு, ஃபெவிகால் விட்டு, குச்சியைக் கொட்டாப்புளியால் இரண்டே தட்டு.

பிய்ந்த துளையை அகலமாக்கி, மரமுளை வைத்து ஒட்டி, மறுநாள் அதிலேயே புதுத்துளை போட்டார். மைக்கா ஒட்டும் வேலை எனக்குச் சுவாரசியப்படவில்லை. டீ குடிக்கப் போய்விட்டேன்.

திரும்பியபோது பையன் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு எம்.டி.எஃப். பலகை அறுத்துக்கொண்டிருந்தான். இந்தப் பலகைகளின் பசையில் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அதைப் புற்றுநோய்க் காரணி என்று வகைப்படுத்தியது. அதற்கெதிரே ஒரு ஈரிழைத் துண்டு!

ஆசாரிக்கு வேலையெல்லாம் இன்டீரியர் கான்ட்ராக்டர் மூலம்தான் வருகிறது. வீட்டுக்காரரிடம் சதுர அடிக் கணக்கில் பேசுபவர், இவரிடம், "டவல், மினிஃபிக்ஸ் எல்லாம் எதுக்கு, கன்ல ஆணி அடிச்சு முடிங்க" என்கிறார். ஒரு மினிஃபிக்ஸ் ஏறக்குறைய ஒரு டீ விலை. வெளியே தெரியாத அந்த இடத்தில்தான் லாபத்தைச் சுரண்டுகிறார்கள். இரண்டு வருடம் கழித்து அலமாரி ஆடினால் திட்டு வாங்குவது ஆசாரி. மைக்காவின் நிறத்துக்கு ஒரு மாதம் அலைந்த வீட்டுக்காரரும் உள்ளே எதை வைத்துப் பூட்டினார்கள் என்று கேட்டதில்லை. அவருக்கும் இதில் பங்குண்டு.

மேஜையை ஆட்டோவில் ஏற்றும்போது, "இழுக்காதீங்க சார், ரெண்டு பேராத் தூக்குங்க" என்றார்.

வீட்டில் மரவேலைக்கு ஆள் பேசுகிறீர்களா? எஸ்டிமேட்டில் டவல் எத்தனை, மினிஃபிக்ஸ் எத்தனை என்று எண்ணிக்கையோடு எழுதி வாங்குங்கள். முடிந்தால் கூலியை நேராக ஆசாரி கையிலேயே கொடுங்கள்.