நமக்கு எதுக்கு இந்த வேலை?

எங்கள் ஊர்க் கிறிஸ்தவ வீடுகளில் அடிக்கடி அடிபடும் வார்த்தை ஒன்று உண்டு: 'உலகப்பிரகாரமானது'. சினிமா பார்த்தால் உலகப்பிரகாரம். சீட்டாடினால் உலகப்பிரகாரம். அரசியல் பேசினால் அதைவிடப் பெரிய உலகப்பிரகாரம்.

நான் பத்திரிகை வேலைக்கு வந்த நாளிலிருந்து என் மாமா ஒருவர் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். "ஏன் மாப்ளே, பி.காம். படிச்ச. ஒரு பேங்க்ல உக்காந்து நிம்மதியா இருந்திருக்கலாம். சாதிச் சண்டை, போலீஸ் அடி, தண்ணிப் பிரச்சினைன்னு எழுதிக்கிட்டுத் திரியிறியே... நமக்கு எதுக்கு இந்த வேலை?"

மாமாவை அரசியல் தெரியாத அப்பாவி என்று நினைத்துவிடாதீர்கள். சபைத் தேர்தல் வந்தால் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஓட்டுக் கேட்கப் போவார். பள்ளிக்கூடத்து மானியம் நின்றுபோனாலோ, கல்லறைத் தோட்டத்து வேலியில் யாராவது தகராறு செய்தாலோ, மனுவோடு கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்கிற முதல் ஆள் அவர்தான். கிறிஸ்துமஸ் கேக் வெட்ட எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் பொன்னாடை தயாராக இருக்கும். அதெல்லாம் அரசியல் இல்லையாம். 'சபைக் காரியமாம்'. ஆக, நமக்காகக் கேட்டால் அது ஜெபம். அடுத்தவனுக்காகக் கேட்டால் அது உலகப்பிரகாரம். இந்தக் கணக்கு மட்டும் எனக்கு இன்றுவரை டேலி ஆகவில்லை.

இதை ஒப்புக்கொள்ளாத இரண்டு கிறிஸ்தவர்கள் மதுரை மண்ணில் வாழ்ந்து முடித்திருக்கிறார்கள். ஒருவர் வக்கீல். இன்னொருவர் ஆடிட்டர்.

வக்கீலின் பெயர் ஜார்ஜ் ஜோசப். 1887-ல் செங்கன்னூரில் பிறந்த சிரியன் கிறிஸ்தவர். எடின்பரோவில் தத்துவம் படித்து, லண்டனில் பாரிஸ்டர் ஆகி, 1909-ல் ஊர் திரும்பி, மதுரையில் வந்து தொழில் நடத்தியவர். (எங்கள் தொழிலில் பெரிய பெயரான எடிட்டர் போத்தன் ஜோசப் இவருடைய தம்பி.) அந்தக் காலத்து பாரிஸ்டருக்கு மதுரையில் ஜமீன் வழக்குகளே போதும், மூன்று தலைமுறைக்குச் சொத்து சேர்க்கலாம். இவரோ உசிலம்பட்டிப் பக்கம் திரும்பினார்.

அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது? குற்றப் பரம்பரைச் சட்டம். 1911-ல் வந்த சட்டத்தைப் பிரமலைக் கள்ளர்கள் மேல் ஊர் ஊராகப் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் திருடினான் என்று யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. அந்தச் சாதியில் பிறந்திருந்தால் போதும். ஆண்பிள்ளைகள் கைரேகை வைக்க வேண்டும். ராத்திரியானால் போலீஸ் கண்ணெதிரே போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போவதென்றால் சீட்டு வாங்க வேண்டும். கல்யாணமான மறுநாள் மாப்பிள்ளை ஸ்டேஷனில் படுத்திருப்பதைக் கற்பனை செய்து பாருங்கள். 1920 ஏப்ரல் 3-ம் தேதி பெருங்காமநல்லூரில் ஜனங்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். போலீஸ் சுட்டது. பதினாறு பேர் செத்தார்கள். அதில் மாயக்காள் என்று ஒரு பெண்ணும் உண்டு.

அந்த ஜனங்களுக்காகக் கோர்ட்டில் வாதாடினார் ஜோசப். அந்தச் சட்டத்தை எதிர்த்து எழுதினார். அவர் கள்ளர் இல்லை, தமிழர்கூட இல்லை, அவர்களுடைய சாமியையும் கும்பிடாதவர். அங்கே அவருக்கு ஒரு ஓட்டுகூடக் கிடையாது. ஜனங்கள் அவருக்கு வைத்த பெயர் 'ரோசாப்பூ துரை'. கோட்டில் ரோஜாப்பூ குத்தியிருப்பார், அதனால் என்பார்கள். ஜோசப்பு என்ற பெயர்தான் கிராமத்து நாக்கில் புரண்டு ரோசாப்பு ஆனது என்றும் சொல்வார்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது. அந்தப் பக்கத்தில் பிள்ளைகளுக்கு ரோசாப்பு என்று பெயர் வைத்தார்கள். ஒரு கிறிஸ்தவப் பெயர், யாரும் மதம் மாறாமலே, கிராமத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

இப்போது வைக்கத்துக்கு வாருங்கள். 1924 மார்ச் 30-ல் சத்தியாகிரகம் தொடங்குகிறது. கோயிலைச் சுற்றியிருக்கும் பொதுச் சாலைகளில் ஈழவர்களும் புலையர்களும் நடக்கக் கூடாது. ஆனால் கிறிஸ்தவர்கள் நடக்கலாம். முஸ்லிம்கள் நடக்கலாம். அதாவது, ஜார்ஜ் ஜோசப் அந்தச் சாலையில் ஜம்மென்று நடந்து போகலாம், யாரும் கேட்க மாட்டார்கள். அவரோ, அதில் நடக்க முடியாதவர்களுக்காகப் போய் நிற்கிறார். முன்னணித் தலைவர்களான டி.கே. மாதவனும் கே.பி. கேசவ மேனனும் கைதான பிறகு பொறுப்பைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, தானும் கைதாகிறார்.

அந்த நேரத்தில்தான் காந்தி அவருக்கு எழுதுகிறார், ஏப்ரல் 6-ம் தேதி. சாரம் இதுதான்: தீண்டாமை இந்துக்களின் பாவம், அதைக் கழுவ வேண்டியவர்கள் இந்துக்களே, இந்த வேலையை அவர்களிடம் விட்டுவிடுங்கள்.

படித்தபோது மாமாவின் குரல்தான் காதில் கேட்டது. அவர் உள்ளேயிருந்து 'நமக்கு எதுக்கு' என்கிறார். காந்தி வெளியேயிருந்து 'உங்களுக்கு எதுக்கு' என்கிறார்.

காந்தி பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு கிறிஸ்தவர் முன்னால் நின்றால், 'பார்த்தியா, மதம் மாத்த வந்துட்டான்' என்று எதிராளி பேச்சை மாற்றிவிட வசதியாக இருக்கும். இன்றைக்கும் அதுதானே நடக்கிறது? ஆனால் ஜோசப் அதைப் பார்த்த விதமே வேறு. அது கோயில் விவகாரம் இல்லை. அரசாங்கத்தின் பொதுச் சாலை. அதில் ஒரு மனுஷன் நடப்பது அவனுடைய குடியுரிமை. உரிமைக்குச் சாட்சி சொல்ல வருகிறவனிடம் ஞானஸ்நான சர்ட்டிஃபிகேட்டையா கேட்பது? என் ஓட்டு ஜோசப்புக்குத்தான். அடுத்த சில வருஷங்களில் அவர் காந்தியின் வழியிலிருந்து விலகிப் போனார். வைக்கத்து மனக்கசப்புக்கும் அதில் பங்கு உண்டு. பிறகு மறுபடி காங்கிரஸுக்கு வந்து, 1937-ல் மத்திய சட்டசபைக்குப் போய், 1938-ல் மதுரையில் காலமானார். ஐம்பது வயதுதான். குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் ஒழிந்ததைப் பார்க்க அவர் இல்லை. அது 1947-ல்.

ஒன்றைச் சொல்லாமல் நகர்ந்தால் அது ஒருபக்கக் கணக்கு. அடுத்தவன் கோயில் தெருவைப் பற்றிப் பேசுகிற கிறிஸ்தவனிடம், 'உன் வீட்டு யோக்கியதை என்ன?' என்று யாரும் கேட்கலாம். கேட்கவும் வேண்டும். நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாகக் கோயிலையே பிரித்து வைத்திருந்தார்கள். அந்தத் தடுப்பு இடிந்தது 1910-ல்தான். இடித்ததற்குக் கோர்ட், கேஸ் எல்லாம் நடந்தது. கல்லறையில்கூடச் சாதி பார்க்கிற ஊர்கள் இன்னும் உண்டு. இந்தப் பக்கம் இப்படி. அந்தப் பக்கம், 1950-ல் வந்த ஜனாதிபதி உத்தரவு தாழ்த்தப்பட்டோர் பட்டியலை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். தலித் கிறிஸ்தவர் இன்னும் வெளியேதான் நிற்கிறார். கோயிலுக்குள் சாதி உண்டு, சர்க்கார் காகிதத்தில் சாதி இல்லை. இதைவிட மோசமான இரட்டைப் பதிவை எந்தப் பேரேட்டிலும் நான் பார்த்ததில்லை.

பேரேடு என்றதும் ஆடிட்டர் ஞாபகம் வந்துவிட்டது. பி.காம். படித்தவன் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் கூடுதல் பாசம் இவர் மேல்தான். ஜே.சி. குமரப்பா. 1892-ல் தஞ்சாவூரில் பிறந்தபோது வைத்த பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். லண்டனில் கணக்குப் படிப்பு, பம்பாயில் சொந்த ஆடிட் கம்பெனி, கோட்டு சூட்டு. 1927-ல் அமெரிக்கா போனார். அங்கே ஒரு சர்ச்சில் பேச அழைத்தார்கள். அவர் எடுத்துக்கொண்ட விஷயம், இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்பது. அந்தப் பேச்சு நியூயார்க் டைம்ஸில் வந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் செலிக்மன் அதைப் பார்த்துவிட்டு, இதையே ஆராய்ச்சியாகச் செய்யுங்கள் என்றார். குமரப்பா பிரிட்டிஷ் சர்க்காரின் வரவு செலவை எடுத்து வைத்துக்கொண்டு ஆடிட் பண்ண ஆரம்பித்தார். யாரிடம் வரி வாங்குகிறார்கள், யாருக்குச் செலவழிக்கிறார்கள்? கணக்கு முடிந்தபோது கோட்டு சூட்டுக்காரர் தேசியவாதி ஆகிவிட்டார். கூட்டம் கேட்டு மாறியவர்கள் உண்டு. ஐந்தொகை பார்த்து மாறியவர் எனக்குத் தெரிந்து இவர்தான்.

1929 மே மாதம் சபர்மதியில் காந்தியைச் சந்தித்தார். கொர்னேலியஸ் போய்க் குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பா வந்தது. மறுவருஷம் உப்புச் சத்தியாகிரகம். கிறிஸ்தவர்கள் இதில் சேரலாமா என்று சபைகளில் ஒரே விவாதம். அரசுக்குப் பணிந்து நடக்கச் சொல்லும் ரோமர் 13-ம் அதிகாரம் எல்லோருக்கும் மனப்பாடம். இந்தியாவின் தலைமை பிஷப் வெஸ்ட்காட் சட்டமறுப்பை எதிர்த்தார். குமரப்பா பகிரங்கமாகவே பதில் எழுதினார்: ஆயுதம் எடுக்காமல் அடி வாங்குகிறவன் இருக்கிற பக்கம்தான் கிறிஸ்து நின்ற பக்கம் என்ற தொனியில். சர்க்கார் அவரைச் சிறைக்கு அனுப்பியது. ஒருமுறை இல்லை, பலமுறை. 1942 இயக்கத்துக்குப் பிறகு ஜபல்பூர் சிறையில் இருந்தபோது இரண்டு புத்தகங்கள் எழுதினார். ஒன்று நிலைத்த பொருளாதாரம் பற்றி. இன்னொன்று இயேசுவின் நடைமுறையும் போதனையும் பற்றி. இரண்டுக்கும் காந்தி முன்னுரை தந்தார். எனக்கென்னவோ அது ஒரே புத்தகத்தின் இரண்டு பாகம் மாதிரிதான் தெரிகிறது.

ஆனால் அவரை நான் முழுசாகப் புரிந்துகொண்டது அந்தப் புத்தகங்களால் இல்லை. பீகார் கதையால்.

1934 ஜனவரியில் பீகார் பூகம்பம். நாடு முழுக்க நன்கொடை குவிகிறது. ராஜேந்திர பிரசாத் நிவாரணக் குழுவின் தலைவர். கணக்குக்குக் குமரப்பா. தொண்டர்களுக்குச் சாப்பாட்டுச் செலவு ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று அணா என்று விதி வைத்துவிட்டார். காந்தியும் அவருடைய பரிவாரமும் பாட்னா வந்தார்கள். காந்தியின் பாலும் பழமும் மூன்று அணாவில் அடங்குமா? குமரப்பா மகாதேவ தேசாயிடம் சொல்லிவிட்டார்: இது நிவாரண நிதி, உங்கள் செலவை நீங்கள் வேறு வழியில் பார்த்துக்கொள்ளுங்கள். காந்தி கூப்பிட்டு விசாரித்தார். விளக்கம் கேட்டதும் ஒப்புக்கொண்டார். குருவே என்று கும்பிடுகிற மனிதருக்கு வவுச்சரை நிராகரிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது, எங்காவது கேஷ் கவுன்ட்டரில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். அதிகாரியின் டீ பில்லையே நம்மால் திருப்பி அனுப்ப முடியாது! ஊர்ப்பணத்தில் வருகிற ஒவ்வொரு அணாவும் இடிந்த வீட்டுக்காரனுடையது. அதில் காந்திக்குப் பழம் வாங்க முடியாது. எனக்குத் தெரிந்து, விசுவாசம் கணக்குப் புத்தகத்தில் ஏறின இடம் அது. எங்கள் சபைகளின் வருடாந்தரக் கூட்டத்தில் பிரசங்கம் செய்ய இதைவிட நல்ல கதை கிடையாது. யாரும் செய்து நான் கேட்டதில்லை. சபைச் சொத்து வழக்குகள் எத்தனை கோர்ட்டில் நிற்கின்றன என்று தெரிந்தவர்களுக்குக் காரணமும் தெரியும்.

இந்த வரிசையில் இன்னொருவரையும் சொல்ல வேண்டும். அமெரிக்கன் மதுரை மிஷனுக்கு வந்த ரால்ஃப் ரிச்சர்ட் கெய்தான். அரசியலில் தலையிட மாட்டோம் என்று உறுதி கொடுத்தால்தான் அந்நிய மிஷனரிகள் இங்கே வேலை செய்யலாம் என்ற காலம். கெய்தான் கதர் கட்டினார், காந்தியின் ஆட்களோடு பழகினார். 1930-ல் நாட்டைவிட்டுப் போக வேண்டி வந்தது. திரும்பி வந்தார். 1944-ல் மறுபடி அனுப்பினார்கள். சுதந்திரம் வந்ததும் மறுபடி வந்தார். காந்திகிராமம், வத்தலக்குண்டு என்று திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களிலேயே காலத்தைக் கழித்தார். சொந்த மிஷனுக்கும் சர்க்காருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியாக இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

மாமாவிடம் ஒருநாள் ஜோசப் கதையைச் சொன்னேன். கடைசிவரை கேட்டார். "பெரிய மனுஷன்தான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவருக்கு பாரிஸ்டர் பட்டம் இருந்துச்சு மாப்ளே. உனக்கு என்ன இருக்கு?" என்றார். நியாயமான கேள்வி. போன மாதம் நான் எழுதிய ஒரு கட்டுரைக்கு இரண்டு போன் வந்தது. 'கர்த்தருடைய பிள்ளை இதையெல்லாம் எழுதலாமா?' என்றது ஒன்று. 'பேரைப் பார்த்தாலே தெரியுதே, நீ ஏன் எங்க ஊர் விஷயத்துல தலையிடுற?' என்றது இன்னொன்று. இரண்டு பேருமே ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

குமரப்பா கடைசிக் காலத்தில் வந்து தங்கியது எங்கள் மதுரைப் பக்கம்தான். திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் போகிற ரோட்டில் டி. கல்லுப்பட்டி. கரிசல் காடு, பருத்தி, வெயில். அங்கே காந்தி நிகேதன் ஆசிரமம். 1950-களில் அங்கே வந்து ஒரு சின்னக் குடிலில் இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். ரத்தக் கொதிப்பு வேறு. சுதந்திர இந்தியாவின் திட்டங்களில் அவருக்கு நம்பிக்கை போய்விட்டது, டெல்லிக்கும் அவர் தேவைப்படவில்லை. 1960 ஜனவரி 30-ம் தேதி, காந்தி இறந்த அதே நாளில், மதுரையில் இறந்தார்.

அந்தக் குடிலின் சுவரில் இரண்டு படங்கள் இருந்ததாக, அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்வார்கள். ஒன்று காந்தி. பக்கத்தில் ஒரு ஏழை விவசாயி. வந்தவர்கள் கேட்டால் காந்தி படத்தைக் காட்டி, இவர் என் எஜமானர் என்பாராம். விவசாயியைக் காட்டி, இவர் என் எஜமானருடைய எஜமானர் என்பாராம்.